அந்த நாடு எனக்கு ஒத்துவருமா?

"பயணம்" என்ற சொல்லைக் கேட்டதும் எமது மூதூர்ப் பகுதிப் பெண்களுக்கு என்ன நினைவு வருகிறது? மகளிர் சங்கக் கூட்டமொன்றில் இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டேன். சம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் 2006ஆம் ஆண்டு கையில் அகப்பட்ட மூட்டையோடு வெருகல், வாகரை என்று நடந்து மட்டக்களப்பு போய்ச் சேர்ந்ததைச் சொன்னார்கள். மூதூர் நகரத்து முஸ்லிம் பெண்கள் அதே வருடம் ஓகஸ்ட் மாதம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்குப் போனதைச் சொன்னார்கள். வேறு சிலர் குவைத், சவூதி, கட்டார் என்றார்கள். அது வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன பயணம். துரத்தப்பட்டுப் போனோம், இல்லாவிட்டால் வறுமை தள்ளிப் போனோம். "விடுமுறைக்குப் போனேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவேதான் சம்பூரைச் சேர்ந்த ஓர் அம்மா என்னிடம் வந்து கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

"பிள்ள, மகள் விடுமுறைக்கு வரச்சொல்லிக் கேக்கிறா. துனிசியாவாம். அந்த நாடு எனக்கு ஒத்துவருமா?"

அம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. சீனி வருத்தம் இருக்கிறது. இடது காலில் ஷெல் துண்டு ஒன்று இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது. கிளிவெட்டி முகாமில் பல வருடங்கள் இருந்துவிட்டு, காணி விடுவிக்கப்பட்ட பிறகு ஊருக்குத் திரும்பியவர். மகள் 2007இல் பத்தொன்பது வயதில் நாட்டைவிட்டுப் போனவர். இன்று பிரான்சில் இருக்கிறார். அதன் பின்னர் தாயும் மகளும் நேரில் சந்திக்கவே இல்லை. பேரப்பிள்ளைகள் இருவரையும் அம்மா வட்ஸ்அப்பில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

"மகள் ஏன் இங்கே வரமுடியாது?" என்று வாசகிகள் கேட்கலாம். மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உண்டு. மகளிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் புத்தகம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் எந்த நாட்டுக்கு அஞ்சித் தஞ்சம் கேட்டாரோ, அந்த நாட்டுக்கு அந்தப் புத்தகத்தில் போகமுடியாது. அம்மா ஐரோப்பிய விசாவுக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. ஆகவே இப்படியான குடும்பங்கள் மூன்றாவது நாடொன்றில்தான் சந்திக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது தமிழ்நாடாக இருக்கும். பரிசிலிருந்து இரண்டரை மணித்தியால விமானப் பயணத்தில் துனிசியா இருப்பதாலும், அங்கே பிரெஞ்சு மொழி செல்லுபடியாவதாலும் இந்த மகள் அந்த நாட்டைத் தெரிவு செய்திருந்தார்.

நான் முதலில் சொன்ன பதில்

உண்மையைச் சொல்வதானால், "வேண்டாம் அம்மா, அங்கே குண்டு வெடிக்கிறது" என்றுதான் நான் முதலில் சொன்னேன். 2015ஆம் ஆண்டுச் செய்திகள் எனக்கு ஞாபகம் இருந்தன. அந்த வருடம் மார்ச் மாதம் தலைநகர் துனிசில் உள்ள பார்டோ நூதனசாலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஜூன் 26ஆம் திகதி சூஸ் என்ற கடற்கரை நகரில், விடுதியின் முன்னால் வெயில் காய்ந்துகொண்டிருந்த 38 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 30 பேர் பிரித்தானியர்.

அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட நாட்டிலயும் ஈஸ்டர் அன்று வெடிச்சதுதானே பிள்ள. அதுக்காக நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வராமலே விட்டவங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பிறகு எமது நாட்டைப் பற்றியும் உலகம் "போகாதீர்கள்" என்றது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதிகள் வெறிச்சோடின. பின்னர் ஆட்கள் திரும்பி வந்தார்கள். 2024இல் இலங்கைக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தனர். துனிசியாவுக்கும் அதேபோலத்தான் நடந்தது. 2015 ஜூலையில் தன் மக்களைப் போகவேண்டாம் என்ற பிரித்தானியா 2017இல் அந்த அறிவுறுத்தலைத் தளர்த்தியது. 2024இல் அந்நாட்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சென்றார்கள். ஒரு நாட்டை அதன் மிகக் கெட்ட நாளை மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்பதை மூதூரில் வேலை செய்யும் நான் தெரிந்திருக்க வேண்டும். "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

எப்படிப்பட்ட நாடு?

துனிசியா ஆபிரிக்காவின் வடக்குக் கரையில், அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் இடையில் இருக்கிறது. நிலப்பரப்பு இலங்கையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. சனத்தொகை சுமார் 1 கோடி 20 இலட்சம். எமது நாட்டைவிடக் குறைவு. 1881 முதல் 1956 வரை பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்தது. மக்கள் பேசுவது அரபு. பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கைரவான் நகரின் பெரிய பள்ளிவாசல் கி.பி. 670ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கார்த்தேஜ் என்ற பழம்பெரும் நகரின் இடிபாடுகள் தலைநகருக்கு அருகிலேயே உள்ளன. தெற்கே போகப்போக ஈச்சை மரங்களும் சகாரா பாலைவனமும்.

சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது அம்மாவுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி கிடைத்தது. அவர்களுடைய பிரதான உணவான குஸ்குஸ் எங்கள் புட்டுக்கு உறவுக்காரி. கோதுமை ரவையை நீர் தெளித்து உருட்டி, துளையுள்ள பாத்திரத்தில் ஆவியில் அவிக்கிறார்கள். கீழே குழம்பு கொதிக்க, மேலே குஸ்குஸ் வேகும். அரைத்த காய்ந்த மிளகாயில் உள்ளி, எண்ணெய் சேர்த்த ஹரிஸா என்ற கூட்டு எங்கள் சம்பலின் இடத்தில் இருக்கும். ஆனால் மரக்கறிக் குஸ்குஸ் என்றாலும் குழம்பு இறைச்சிச் சாறாக இருக்கலாம். செவ்வாய், வெள்ளி மச்சம் சாப்பிடாத அம்மா அதைக் கேட்டறிய வேண்டும்.

கோடைகால மாலைகளில் தெருவோரத்தில் மல்லிகை மொட்டுகளைச் சிறு கொத்தாகக் கட்டி விற்பார்களாம். அங்கே ஆண்களும் அதைக் காதில் செருகிக்கொள்வார்கள் என்றதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். காபெஸ் வளைகுடாவில் கடல் வற்றும் நேரம் பெண்கள் வெறுங்காலோடு இறங்கி மட்டி பொறுக்குகிறார்கள் என்றதும் சிரிப்பு நின்றது. "அவளுகளுக்கும் விலை குறைச்சுத்தான் குடுப்பானுகளோ?" என்று கேட்டார். அங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

பெண்களுக்கு எப்படி?

துனிசியாவில் ஓகஸ்ட் 13ஆம் திகதி தேசிய மகளிர் தினம். 1956ஆம் ஆண்டு அதே நாளில் அங்கே குடும்பச் சட்டம் மாற்றப்பட்டது. பலதார மணம் தடை செய்யப்பட்டது. விவாகரத்து நீதிமன்றத்தின் மூலம்தான் என்றாயிற்று. கணவனைப் போலவே மனைவியும் அதைக் கோரலாம். 2017இல் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் தனிச்சட்டமும் நிறைவேறியது. எமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும்படி முஸ்லிம் பெண்கள் எத்தனை வருடம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த வகையில் துனிசியப் பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்வதே பயன்தரும்.

ஆனால் சட்டம் ஒன்று, தெரு இன்னொன்று. அங்கும் தெருவில் ஆண்களின் தொந்தரவு உண்டு. மற்றொன்றையும் மறைக்கக்கூடாது. 2021 ஜூலையில் அந்நாட்டு ஜனாதிபதி பாராளுமன்றத்தை இடைநிறுத்தி அதிகாரத்தைத் தன் கையில் எடுத்தார். அதற்குப் பின்னர் எதிரணியினர், ஊடகவியலாளர், சட்டத்தரணிகள் பலர் சிறைக்குப் போனார்கள். 2023 பெப்ரவரியில் அதே ஜனாதிபதி கறுப்பின ஆபிரிக்கக் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதைத் தொடர்ந்து, கறுத்த நிறமுள்ளவர்கள் தெருவில் தாக்கப்பட்டனர். வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சுற்றுலா விடுதியில் தங்குபவர்களுக்கு அப்படி நடப்பது அரிது. ஆனாலும் எமது தோலும் கறுப்புத்தான். கடவுச்சீட்டின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு மட்டும் வெளியே போகவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

விளம்பரம் சொல்லாதவை

மகள் அனுப்பிய படங்களில் ஹம்மாமெட் நகரின் வெள்ளைச் சுவர்களும் நீல ஜன்னல்களும், கடலைப் பார்த்த அறையும் இருந்தன. "நல்ல வடிவு" என்றார் அம்மா. ஆனால் முகம் தெளியவில்லை. மெதுவாக விசாரித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலாவது கடல். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னர் கடலுக்குக் கிட்ட நிலத்தோடு இருக்கும் அறையில் அவரால் நித்திரை கொள்ள முடியாது. மேல்மாடி என்றால் முழங்கால் படியேறவிடாது. ஆகவே மேல்மாடியும் வேண்டும், லிப்டும் வேண்டும்.

இரண்டாவது ஆயுதம். 2015 நவம்பரில் பிரகடனம் செய்யப்பட்ட அவசரகால நிலை துனிசியாவில் பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப நீடிக்கப்பட்டு வந்திருக்கிறது. விமான நிலையத்திலும், தெருச் சந்திகளிலும், விடுதி வாசல்களிலும் ஆயுதம் தாங்கியவர்கள் நிற்பது வழக்கம். மற்றவர்களுக்கு அது பாதுகாப்பாகத் தோன்றலாம். எமது பெண்களுக்கு அது சோதனைச் சாவடி. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நெஞ்சு குறைவாகப் படபடக்கும்.

மூன்றாவது காலில் உள்ள ஷெல் துண்டு. விமான நிலையக் கருவி சத்தமிட்டால் என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று அம்மா பயந்தார். இதற்கு வழி இருக்கிறது. வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எக்ஸ்ரே பிரதியும் வாங்கினோம்.

இந்தக் கடிதத்துக்கு அரபு எழுதித் தந்தவர் மூதூர் நகரத்து ராத்தா ஒருவர். எட்டு வருடம் குவைத்தில் வேலை செய்தவர். தனக்குத் தெரிந்த அரபை வைத்து, "காலில் இரும்புத் துண்டு உள்ளது", "எனக்குச் சீனி வருத்தம்", "என் மகள் வெளியே நிற்கிறாள்" என்று மூன்று வசனங்களை அட்டையில் எழுதினார். எழுதிக்கொண்டே, "நான் போன நாட்ட நானா தெரிஞ்செடுத்தன்? ஏஜென்சிக்காரன் சொன்ன நாட்டுக்குப் போனன். நீங்க கேட்டுப் போங்கம்மா" என்றார். 2006இல் ஒருவருக்கு ஒருவர் அஞ்சி வெவ்வேறு திசையில் ஓடிய இரண்டு ஊர்ப் பெண்கள் ஒரு மேசையில் இருந்து அட்டை எழுதியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது காலநிலை. மகள் கேட்டது ஓகஸ்ட் மாதம். பிள்ளைகளின் பெரிய விடுமுறை. அந்த மாதம் அங்கே கொதிக்கும் வெயில். பாலைவனக் காற்று வீசினால் 40 பாகையைத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் குளிரும் மழையும். வயதானவர்களுக்கு ஏப்ரல், மே அல்லது செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் நல்லவை. பிரான்சில் ஒக்டோபர் கடைசியில் இரண்டு வாரப் பாடசாலை விடுமுறை உண்டு.

கடதாசி வேலைகள்

இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கவேண்டும். கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. இலங்கையர் துனிசியாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கவேண்டும். கொழும்பில் அந்நாட்டுத் தூதரகம் இல்லை, புதுடில்லியில்தான் இருக்கிறது. ஆகவே மாதக்கணக்கில் முன்னதாகத் தொடங்கவேண்டும். மகளும் தன் பயணப் புத்தகத்துக்கு விசா தேவையா என்பதை அங்கே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். இந்த இரண்டு பதிலும் வருமுன் விமானச்சீட்டுக்குக் காசு கட்டக்கூடாது.

கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் இல்லை. டோகா, டுபாய் அல்லது இஸ்தான்புல்லில் மாறவேண்டும். தனியே போகும் வயதான பெண்கள் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்கலாம். அதற்கு மேலதிகக் காசு இல்லை. உதவியாளர் ஒரு வாசலிலிருந்து மறு வாசல் வரை கூட்டிப்போவார். இன்சுலினும் மருந்துகளும் கைப்பையிலேயே இருக்கவேண்டும். அந்நாட்டுக் காசான தினாரை வெளியிலிருந்து கொண்டுபோகவும் முடியாது, திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. அங்கே போய்த்தான் மாற்றவேண்டும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் பக்கத்துக் கரையிலிருந்து இத்தாலியின் லம்பெதூசா தீவுக்குப் படகில் போக முயன்று எத்தனையோ பேர் கடலில் மாண்டிருக்கிறார்கள். "சுற்றுலா விசாவில் துனிசியா போ, அங்கிருந்து இத்தாலிக்கு ஏற்றிவிடுகிறேன்" என்று யாராவது உங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பாதீர்கள். 2022 நவம்பரில் வியட்நாம் கடலில் 300க்கும் மேற்பட்ட இலங்கையர் மூழ்கும் கப்பலிலிருந்து மீட்கப்பட்டதை மறக்கவேண்டாம்.

"அந்தக் காசில கூரை போடலாம்"

இதுதான் அம்மாவின் மனதைக் கடைசிவரை அரித்த கேள்வி. மகள் இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. இங்கே வீட்டின் பின்பக்கம் இன்னும் தகரம். அயலார் என்ன சொல்வார்கள்? விதவைப் பெண், இந்த வயதில், விடுமுறையாம்!

நான் சமூகவியல் படித்தவள். ஓய்வும் விடுமுறையும் மனித உரிமை என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது உறுப்புரை சொல்வதைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எமது பெண்களிடம் அதை நான் சொன்னதில்லை. நிவாரணம், வாழ்வாதாரம், கடன் என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உரிமை கிடக்கட்டும் பிள்ள. கூரைய அடுத்த வருசமும் போடலாம். மகளின்ர தலையத் தடவுறத்துக்கு அடுத்த வருசம் நான் இருப்பனோ?" என்றார்.

அன்று இரவு மகளுக்குக் குரல் பதிவு அனுப்பினார். பக்கத்தில் இருந்து கேட்டேன். "நான் வாறன். ஓகஸ்ட் ஏலாது, ஒக்டோபர். மேல்மாடி, லிப்ட் இருக்கோணும். முதல் ரெண்டு நாள் எங்கயும் கூட்டிக்கொண்டு திரியாத. உங்களப் பாத்துக்கொண்டு இருக்கோணும். விசா தராட்டி இந்தியாவுக்குக் கேளு. அதுவும் சரிவராட்டி அழாத." இந்தியா என்றாலும் அகதிப் பயணப் புத்தகத்துக்கு இணைய விசா இல்லை, மகள் நேரில்தான் விண்ணப்பிக்கவேண்டும். அதையும் சேர்த்துச் சொன்னோம். "இதெல்லாம் கேக்கோணும் எண்டு எனக்குத் தோணவே இல்லயம்மா" என்று மகளிடமிருந்து பதில் வந்தது.

இதை எழுதும்வரை விசா வரவில்லை. வந்தால் நல்லது. வராவிட்டாலும், "எனக்கு எது ஒத்துவரும்" என்று அம்மா முதன்முறையாகத் தன் வாயால் சொல்லிவிட்டார்.

சகோதரிகளே, எமக்கெல்லாம் துனிசியா வாய்க்காது. அது திருக்கோணேஸ்வரமாக இருக்கலாம், கதிர்காமமாக இருக்கலாம், உம்ராவாக இருக்கலாம், கொழும்பில் இருக்கும் மகன் வீடாக இருக்கலாம். எங்கே போனாலும் இவற்றைக் கேளுங்கள்:

• என் உடம்புக்கு அந்த வெயிலும் குளிரும் ஒத்துவருமா? மருந்து கிடைக்குமா?
• எனக்குப் பயம் தருவது எது? கடலா, சீருடையா, வெடிச்சத்தமா? அதிலிருந்து விலகி இருக்க இடம் உண்டா?
• கூட்டிப்போகிறவர் யார்? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்?
• பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா?
• நான் அங்கே போவது யாரைப் பார்க்க, எதைப் பார்க்க?

இவற்றைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பதில் திருப்தி தராவிட்டால் "வரவில்லை" என்று சொல்லுங்கள். திருப்தி தந்தால், அயலார் சொல்வதை ஒருபுறம் வைத்துவிட்டுப் போய்வாருங்கள்.